படர்தாமரை திரும்பத் திரும்ப வருது: கடலோர ஓபியில் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி (மண்டபம்_ஓபி):

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொது ஓபி பார்க்கிறேன். படகுக்குப் போகிறவர்கள், பாசி எடுக்கும் பெண்கள், கருவாடு காயப்போடுபவர்கள்தான் அதிகம். அரிப்பு என்று வருபவர்களில் பாதிக்கு மேல் படர்தாமரை. டெர்பினாஃபின் (பூஞ்சை மாத்திரை) 250 மி.கி. இரண்டு வாரம் கொடுத்தால் அடங்குகிறது, நிறுத்திய பத்தாம் நாள் திரும்ப வருகிறது. சிலருக்கு வளையத்தின் ஓரமே தெரியவில்லை. சிரங்கா, எக்ஸிமாவா, படர்தாமரையா என்று குழப்பம். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கும் வீடுகளில் "துணியை நல்லா அலசுங்க" என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1 (தோல்_பிரிவு):

டாக்டர், மருந்துச் சீட்டு எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி என்ன டியூப் போட்டீங்க? கொண்டு வந்து காட்டுங்க." மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய டியூபில் பெரும்பாலும் குளோபீட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், கூடவே ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அமுக்கிவிடும், பூஞ்சை உள்ளே தாராளமாக வளரும். வளையம் உடைந்து, ஓரம் மங்கி, எக்ஸிமா போலத் தோன்றுவது இதனால்தான். தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரி வரியாகத் தழும்பு இருந்தால் பல மாதமாகப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தழும்பு போகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டியூபை நிறுத்தியதும் ஒரு வாரம் அரிப்பு கூடும் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே அதே டியூபுக்குத் திரும்பிவிடுவார்.

சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஸ்டீராய்டு போட்ட தோலில் பூஞ்சை இழை நிறையவே தெரியும்.

இரண்டு வாரம் போதாது. இப்போது பரவியிருக்கும் வகைக்கு டெர்பினாஃபின் பல நேரம் எடுபடுவதில்லை. பெரியவர்களுக்கு இட்ராகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து 100 மி.கி. காலை, இரவு, சாப்பிட்ட கையோடு. நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம், தோல் தெளியும் வரை நிறுத்தக் கூடாது. வயிற்றுப்புண் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் ஏறாது. இதயம் பலவீனமானவர்களுக்கு வேண்டாம். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். கல்லீரல் பரிசோதனை, சர்க்கரை இரண்டும் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு மேல்பூச்சு மட்டும்.

பூச்சின் அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆள்காட்டி விரல் நுனி நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம்; அது விரல்களும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு வரும். எட்டு உள்ளங்கை அளவு படர்ந்தவருக்கு ஒரு வேளைக்கு 2 கிராம் வேண்டும். அவர் வாங்கும் 10 கிராம் டியூப் ஐந்தே வேளையில் தீர்ந்துவிடும், பிறகு சிக்கனம் தொடங்கிவிடும். விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை பூசி, தெளிந்த பின்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

அரைஞாண் கயிற்றைப் பாருங்கள். அது எப்போதும் ஈரமாகவே இருக்கும், அதன் கீழேதான் பூஞ்சை குடியிருக்கும். அவிழ்த்துவிட்டு, முழுதும் குணமான பின் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள்.

பதில் 2 (கடலோர_நர்ஸ்):

தண்ணி விஷயம் சொல்றேன் டாக்டர். உப்புத் தண்ணியில அலசுன ஜட்டியும் கைலியும் காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஆனா துணியில தங்குன உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். அதனால முதல் அலசு எந்தத் தண்ணியா இருந்தாலும், உள்ளாடைக்குக் கடைசி அலசு மட்டும் நல்ல தண்ணியில. ஒரு ஆளோடதுக்கு அரை வாளி போதும். உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயில்ல போடணும். வீட்டுல யார் யாருக்கு இருக்கோ எல்லாருக்கும் ஒரே நேரத்துல மருந்து ஆரம்பிக்கணும். துண்டு தனித்தனியா.

சிரங்கைக் கண்டுபிடிக்க விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், ஆண்குறி பாருங்க. ராத்திரி அரிப்பு கூடும், வீட்டுல இன்னொருத்தருக்கும் இருக்கும். சிரங்குக்குப் பெர்மெத்ரின் 5% பூச்சு, பெரியவங்களுக்கு ஒரு தடவைக்கு 30 கிராம். கழுத்துலருந்து உள்ளங்கால் வரைக்கும், நகக்கண்ணும் சேர்த்து. கைக்குழந்தைக்குத் தலையிலயும் தடவணும். எட்டுலருந்து பன்னெண்டு மணி நேரம் கழிச்சுக் குளிக்கணும். நடுவுல கை கழுவுனா கைக்கு மறுபடி தடவணும். ஏழாம் நாள் இன்னொரு தடவை. வீட்டுல எல்லாரும் ஒரே ராத்திரி தடவணும், அதனால படகு கரையில நிக்கிற நாளாப் பார்த்துச் சொல்லுங்க. கடலுக்குப் போன ஒருத்தர் விட்டுப்போனா அவர் மூலமா திரும்ப வந்துடும். சிரங்குப் பூச்சி செத்த பிறகும் ரெண்டு, நாலு வாரம் அரிக்கும். அதுக்காகத் திரும்பத் திரும்பத் தடவ வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

நன்றி. டியூபைக் கொண்டு வரச் சொல்லும் யோசனையை நாளையே தொடங்குகிறேன். பாசி எடுக்கும் பெண்களின் கை விரல்களுக்கு என்ன செய்வது?

பதில் 3 (பொதுமருத்துவம்_ராம்நாடு):

பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். மணிக்கணக்கில் ஈரத் துணிக்குள் இருந்தால் தோல் ஊறி வெளுத்து, நகச்சுத்தி வரும். கரையேறியதும் துணியை அவிழ்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவச் சொல்லுங்கள். நகம் ஓரம் வீங்கியிருந்தால் குளோட்ரிமசோல் (பூஞ்சைப் பூச்சு).

மீன் முள் குத்திய விரலில் ஊதா கலந்த சிவப்பாக, ஓரம் தெளிவாக, மெதுவாகப் பரவி, வலி அதிகமாகி, சீழ் இல்லாமல் இருந்தால் அது எரிசிபெலாய்டு என்ற பாக்டீரியா தொற்று. அமாக்ஸிசிலின் 500 மி.கி. மூன்று வேளை, ஏழு நாள். பென்சிலின் அலர்ஜி கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனம் வேண்டியது இன்னொன்று. கடல் நீரில் பட்ட காயம், சில மணி நேரத்தில் வீக்கம், கண்ணில் தெரிவதைவிட மிக அதிக வலி, ரத்தம் கலந்த கொப்புளம், காய்ச்சல். குடிப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டவர், சர்க்கரை நோயாளி என்றால் விப்ரியோ (கடல் நீரில் வாழும் பாக்டீரியா) என்றே நினையுங்கள். செஃப்ட்ரியாக்சோன் முதல் ஊசியும் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி.யும் கொடுத்து, அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்புங்கள். "நாளைக்குக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டால் கையோ உயிரோ போகும்.

தேமல் என்று வரும் வெளிறிய திட்டை, அரிக்கவில்லை என்றால், பஞ்சால் தொட்டுப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் தொழுநோயைச் சந்தேகித்து, முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.