சைப்ரஸ் சென்ற வழி சேலத்துக்குப் பொருந்துமா?

அஸ்தம்பட்டி வாசகர்: வணக்கம். 12 வயதான என் மகள் சேலத்தில் டென்னிஸ் பயில்கிறாள். அவளுக்கு ஈடுகொடுத்து ஆடக்கூடியவர்கள் இங்கே நான்கைந்து பேரே இருப்பதால், அவர்களுடைய ஆட்டம் முழுவதும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. சைப்ரஸ் போன்ற சிறிய தீவு நாட்டிலிருந்து டென்னிஸ் வீரர் மார்கோஸ் பக்தாதிஸ் எவ்வாறு உருவானார்?

ஓய்வுபெற்ற பயிற்சியாளர், ஏற்காடு: ஐயா, சைப்ரஸ் நகரமான லிமசோலில் பிறந்த அவர் 14 வயதிலேயே உதவித்தொகை பெற்றுப் பாரிஸுக்குப் பயிற்சிக்குச் சென்றார் என்பதை முதலில் கவனியுங்கள். 2003-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் சிறுவர் பட்டத்தை வென்றவர், 2006-இல் அதே போட்டித் தொடரின் ஆடவர் இறுதிப்போட்டியில் ரோஜர் பெடரரை எதிர்கொண்டார். அடித்தளம் தீவில் அமைந்தது. புதிய எதிராளிகளோ வெளியில்தான் கிடைத்தார்கள். மாதம் இருமுறையேனும் மகளைக் கோவைக்கோ பெங்களூருக்கோ அழைத்துச் சென்று ஆடவையுங்கள்.

அம்மாப்பேட்டைத் தாய்: அந்த வயதில் வீட்டைப் பிரியும் பிள்ளையின் தனிமையையும் எண்ணிப் பாருங்கள். என் மகனை விடுதிக்கு அனுப்பி, ஆறே மாதத்தில் திரும்ப அழைத்து வந்தேன். மகளைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற பயிற்சியாளர், ஏற்காடு: உண்மைதான் அம்மா. ஐயா, இன்னொன்று: கோடையில் ஏற்காட்டில் ஆடவைத்தால், காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து விரைந்து பாயும். கடல்மட்டத்திலிருந்து 1,219 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள இடங்களுக்கென உள்ள பந்தையே வாங்குங்கள். இல்லையேல் அவளுடைய அடியின் அளவு கெட்டுவிடும்.