ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய காரும் திங்கட்கிழமை ஓட்டிய காரும்

சென்னையில் என் ஆபீஸ் வழி: தாம்பரம் கிழக்கிலிருந்து சோழிங்கநல்லூர். கேம்ப் ரோடு, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக 18 கிலோமீட்டர் சொச்சம். காலை 9 மணிக்குக் கிளம்பினால் ஒன்றேகால் மணி நேரம். பத்து வருஷம் ஒரு மேனுவல் ஹேட்ச்பேக்கில் கிளட்ச் மிதித்து இடது முழங்கால் முனக ஆரம்பித்த பிறகுதான், இனி ஆட்டோமேட்டிக், அதுவும் கொஞ்சம் சொகுசான செடான் என்று வீட்டில் முடிவானது. பட்ஜெட் 20 லட்சத்தை ஒட்டி. இந்தக் காசுக்கு ஜெர்மன் சொகுசு பிராண்டின் பேட்ஜ் புதிதாக வராது. ஆனால் முதுகுக்குக் காற்று வரும் சீட், சன்ரூஃப் எல்லாம் வந்துவிடுகிறது.

முதலில் ஓட்டியது ஒரு டர்போ பெட்ரோல், ஏழு கியர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டி. ஞாயிறு காலை ஏழரை மணி. "ரேடியல் ரோடு போலாம் சார், காலியா இருக்கும்" என்றார் ஷோரூம் தம்பி. காலியாகத்தான் இருந்தது. லேசாக மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. திரும்பி வருவதற்குள் கலர் வரைக்கும் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். பின்சீட்டிலிருந்து மனைவி, "நாம என்னைக்குங்க இந்த ரோட்டுல ஆபீஸ் போயிருக்கோம்?" என்று கேட்டாள்.

அதனால் இன்னொரு ஓட்டம் கேட்டேன்: திங்கள் காலை 9 மணி, என் வழியில். தம்பிக்கு இஷ்டமில்லை. "டிராஃபிக்ல ஓட்டி என்ன சார் தெரியப்போகுது?" என்றார். எனக்கு அதுதான் தெரியவேண்டியிருந்தது.

கேம்ப் ரோடு சிக்னலிலேயே தெரிந்துவிட்டது. பிரேக்கை விட்டால் வண்டி ஒரு நொடி யோசிக்கிறது, அப்புறம் சின்னதாக ஒரு உதை. மறுபடி பிரேக். மேடவாக்கம் மேம்பாலத்தின் கீழே வலதுபுறம் திரும்புவதற்குள் இது நாற்பது ஐம்பது தடவை. இந்த வகை கியர்பாக்ஸில் உள்ளே இருப்பது நிஜமான கிளட்ச் தட்டுகள்தான். என் இடது கால் செய்துகொண்டிருந்த அரை கிளட்ச் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது, அவ்வளவே. ஊர்ந்து போகும்போது தட்டு உரசிச் சூடேறும். எண்ணெயில் மூழ்காத உலர் வகை என்றால் அந்தச் சூடு ஆறவும் நேரமாகும். முன்வண்டிக்கும் நமக்கும் நன்றாக இடைவெளி விட்டு, ஒரே தடவையில் நகர்ந்தால் உதை குறைகிறது. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நிற்கும். பெரும்பாக்கத்தில் அது நடந்தது.

அடுத்த வாரம் அதே வழியில், அதே நேரத்தில் ஹோண்டா சிட்டி ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி. இதில் வழக்கமான கியர்பாக்ஸே கிடையாது. மெதுவாகப் போகும்போது சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார், பேட்டரி குறைந்தால் இன்ஜின் ஜெனரேட்டர் மாதிரி ஓடிக் கரண்ட் கொடுக்கிறது. நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில்தான் இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தோடு இணைகிறது. ஊர்வதில் உதை என்ற பேச்சே இல்லை. நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துவைக்கும் ஆட்டோ ஹோல்டு போட்டுவிட்டால் சிக்னலில் காலையும் எடுத்துவிடலாம். நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 27 கிலோமீட்டருக்குச் சற்று மேல், என் வழியில் டிஸ்ப்ளே 22 காட்டியது. அழுத்தி மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, டர்போவின் அந்த உந்துதல் இல்லை. பேட்டரி பின்னால் உட்கார்ந்திருப்பதால் டிக்கி 306 லிட்டர்தான். ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை எங்கே போகும் என்பது தனிப் பஞ்சாயத்து.

அம்மாவையும் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். "கிணத்துல இறங்குற மாதிரி இருக்குடா" என்றார். எந்த செடானுக்கும் அதுதான் தீர்ப்பு. விலை பேசும்போது சாலை வரியை மறக்காதீர்கள்: நம் மாநிலத்தில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதைத் தாண்டினால் 20.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன். நான் கோயம்புத்தூர். உங்கள் பட்ஜெட்டேதான், ஆனால் எனக்கு பேட்ஜ் ஆசை விடவில்லை. நான்கு வருஷம் ஓடிய ஜெர்மன் செடான் ஒன்றைப் பார்க்கப் போனேன். போனதும் பானெட்டில் கை வைத்தேன், நல்ல சூடு. குளிர்ந்த இன்ஜினை நான் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது என்று முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் போல. "சும்மா நகர்த்தி நிறுத்தினோம்ங்க" என்றார்கள். மறுநாள் காலை ஆறரைக்குச் சொல்லாமல் போய் நின்றேன். ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிஷம் டக டக சத்தம், அப்புறம் அடங்கியது.

உப்பிலிபாளையம் மேம்பாலத்தில் ஓட்டியபோது கப்பல்தான். கீழே இறங்கி ஒரு பள்ளத்தில் விட்டதும் இடுப்பில் தெரிந்தது: ரன்ஃபிளாட் டயர். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடவேண்டும் என்று பக்கச்சுவரைக் கனமாகச் செய்திருப்பார்கள், அந்தக் கனம் முழுக்க நம் இடுப்புக்குத்தான் வரும். ஒரு டயர் விலை கேட்டேன், ஆசை பாதி அடங்கியது. மீதி இன்னும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

* * *

காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடம் போகிறவள் நான். எனக்கு ரோடு பெரும்பாலும் காலிதான், அதனால் முதலில் எழுதிய அண்ணா வேண்டாம் என்ற அந்த டர்போதான் எனக்குச் சரியாக இருந்தது. என் உயரம் ஐந்தடி. சீட்டை முழுசாக உயர்த்திய பிறகும் வலதுபக்கத் திருப்பத்தில் கண்ணாடி ஓரத்துத் தூண் ஒரு பைக்கையே மறைத்தது. ஷோரூம் ஆட்களுக்கு இது தோன்றவே தோன்றாது, எல்லாரும் ஆறடி. தானியங்கி பிரேக் வேறு, குறுக்கே ஒரு மொபெட் வந்ததும் தானாகப் பிடித்தது. பின்னால் லாரி வந்திருந்தால்? அண்ணா, கடைசியில் எதை எடுத்தீர்கள்?

* * *

ஹைபிரிட்தான். இன்னும் முன்பணம் கட்டவில்லை. எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இரண்டு தூணுக்கு நடுவே டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறேன். வண்டி நுழையும். கதவைத் திறந்து நான் இறங்க முடியுமா என்பதுதான் கேள்வி.