மறுவிற்பனை விலைப் பக்கம்: படம் இருக்கிறது, பதில் கிடைக்கவில்லையாம்

ஈசூன்_கவிதா

வணக்கம். வலைத்தள வேலை தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

பகலில் எனக்குச் சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை. வலைத்தளம் செய்வது மாலை வகுப்பில் கற்றுக்கொண்டது. வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் மறுவிற்பனை விலைகளைத் தமிழில் காட்டும் ஒரு பக்கம் செய்திருக்கிறேன். அரசின் டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் 1990 முதல் நடந்த விற்பனைகள் சிஎஸ்வி (அட்டவணை) கோப்புகளாகக் கிடைக்கின்றன. நான் 2017 ஜனவரியில் தொடங்கும் கோப்பை மட்டும் எடுத்தேன், அதுவே இரண்டு லட்சம் வரிக்கு மேல். மாதம், வட்டாரம், வீட்டு வகை, புளோக் (கட்டட எண்), தெரு, மாடி, பரப்பளவு, மிச்சக் குத்தகை (99 ஆண்டுக் குத்தகையில் இன்னும் பாக்கி இருப்பது), விலை எல்லாம் உண்டு.

பக்கத்தைத் திறந்தால் முதலில் சிங்கப்பூர் வரைபடம். கோப்பில் உள்ள 26 வட்டாரங்களுக்கும் ஒவ்வொரு வட்டம், சராசரி விலை கூடக் கூட வட்டம் பெரிதாகும். அதன் கீழே விலை ஏறி இறங்கியதைக் காட்டும் 26 கோடுகள், 26 நிறங்கள். அப்புறம் ஐந்து தேர்வுப் பெட்டிகள், கடைசியில் அட்டவணை. கணினியில் பார்க்க ஜோராக இருக்கிறது. வகுப்பு ஆசிரியரும் பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரிடம் கைபேசியில் காட்டினேன். பக்கத்தை நகர்த்த அவர் விரலை மேலே தள்ளினார். பக்கம் நகரவில்லை, சிங்கப்பூர் மேலே போய், தெற்கே இருக்கும் பாத்தாம் தீவு வந்தது. திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வட்டத்தைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை (சுட்டியைக் கொண்டுபோனால்தான் விலை தெரியும்படி செய்திருந்தேன்). கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. நம்ம வீடு என்ன விலைக்குப் போகும்?" என்றார்.

அந்த விவரம் முழுக்க அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது! ஆனால் அவருக்குக் கிடைக்கவில்லை. எதை மாற்றுவது? நிறங்களைச் சரிசெய்தால் போதுமா, இல்லை மொத்தமாகக் கலைக்க வேண்டுமா? இன்னொன்று: வரைபடத்தில் பெயர்கள் நீளமாக இருப்பதால் வெட்டிப் போட்டேன், தெம்பனிஸ் இப்போது "தெம்பன.." என்று நிற்கிறது.

கோப்பிஓ_கொசோங்

கவிதா, முதலில் மாமனாருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுங்கள். காசு கொடுத்தாலும் இப்படி ஒரு சோதனையாளர் அமையமாட்டார்.

நிறத்தில் கைவைத்துப் பயனில்லை. கோப்பில் என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் உங்கள் பக்கம் வரிசையாகக் காட்டுகிறது. வருகிறவரோ ஒரே ஒரு கேள்வியோடு வருகிறார். முதல் திரையிலேயே அதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் வேண்டும்: "உங்கள் தெருவில் கடந்த 12 மாதங்களில் இத்தனை நாலறை வீடுகள் விற்றன. பெரும்பாலானவை இவ்வளவிலிருந்து இவ்வளவு வெள்ளிக்குள்." படம் அந்த வாக்கியத்துக்குச் சாட்சியாகக் கீழே வரட்டும்.

ஐந்து பெட்டிகளையும் தூக்கிவிட்டு அஞ்சல் குறியீட்டை மட்டும் கேளுங்கள். இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி ஆறு இலக்கம், எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். அதோடு வீட்டு வகைக்கு நாலைந்து பெரிய பொத்தான்கள் போதும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். மறுவிற்பனைக் கோப்பில் அஞ்சல் குறியீடு கிடையாது, புளோக்கும் தெருவும் மட்டும்தான். சிங்கப்பூர் நில ஆணையத்தின் வரைபடத் தளமான ஒன்மேப் தேடலில் குறியீட்டைக் கொடுத்தால் புளோக் எண்ணும் தெருப் பெயரும் வரும். ஆனால் ஒன்மேப் தெருப் பெயரை முழுதாகத் தரும், வீவக கோப்பு சுருக்கி எழுதியிருக்கும். ஸ்திரீட் என்பதற்கு 'எஸ்டி', அவென்யூவுக்கு 'ஏவிஇ', புக்கிட்டுக்கு 'பிடி', ஜாலானுக்கு 'ஜேஎல்என்', லோரோங்குக்கு 'எல்ஓஆர்'. சரி, சுருக்கங்களை எல்லாம் விரித்துவிடலாம் என்று 'எஸ்டி' கண்ட இடமெல்லாம் ஸ்திரீட் என்று மாற்றினால், செயின்ட் ஜார்ஜஸ் ரோடு என்ன ஆகும்? ஸ்திரீட் ஜார்ஜஸ் ரோடு ஆகிவிடும், அதுவும் கோப்பில் 'எஸ்டி' என்றுதான் தொடங்குகிறது. பெயரின் முதலில் வந்தால் தொடாதீர்கள். புளோக் எண்ணையும் எண்ணாக வைக்காமல் எழுத்தாகவே வையுங்கள், 10ஏ, 10பி எல்லாம் வரும்.

வட்டங்கள் வேண்டவே வேண்டாம். கிளீவ்லண்ட், மெக்கில் இருவரும் 1984-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையைப் பாருங்கள்: ஒரே அளவுகோலில் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை மனிதக் கண் நன்றாகக் கணிக்கிறது, பரப்பளவை ஒப்பிடச் சொன்னால் தடுமாறுகிறது. ஆகவே படுக்கைவாக்கில் ஒரே ஒரு விலைக்கோடு. விற்ற ஒவ்வொரு வீடும் அதில் ஒரு புள்ளி. நடுவில் இருக்கும் பாதி வீடுகளுக்குப் பின்னால் இளநிறப் பட்டை. புள்ளியைத் தொட்டால் மாதம், மாடி, பரப்பளவு. மாமனார் தம் வீட்டை அந்தப் பட்டையில் எங்கே வைக்கலாம் என்று அவரே பார்த்துக்கொள்வார்.

சராசரியைப் போடாதீர்கள், நடு விலையை (விலைகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பதை) போடுங்கள். மத்திய வட்டாரத்தில் பினக்கிள்@டக்ஸ்டன் என்ற விலை கூடிய உயர்மாடிக் கட்டடங்களின் வீடுகளும் 'நாலறை' என்றே பதிவாகியிருக்கும், கோப்பில் 'மாதிரி' என்ற நெடுவரிசையில்தான் 'டைப் எஸ்1' என்று வித்தியாசம் தெரியும். அவை ஏழெட்டு ஒரே மாதத்தில் விற்றால் பக்கத்துப் பழைய புளோக் நாலறை வீட்டுக்காரர் உங்கள் சராசரியைப் பார்த்துக் கனவு காணத் தொடங்கிவிடுவார். அந்தத் தெருவில் விற்றதே நாலைந்து வீடுதான் என்றால் நடு விலைகூட வேண்டாம், நாலையும் அப்படியே காட்டுங்கள்.

26 கோடுகளில் அவர் வட்டாரத்துக்கு மட்டும் நிறம், மற்ற 25-க்கும் வெளிர் சாம்பல். முடிந்தது.

அகிலா_தோபாயோ

எழுத்து விஷயம் நான் சொல்கிறேன். பெயரை ஜாவாஸ்கிரிப்டின் ஸ்லைஸ் கட்டளை கொண்டு வெட்டியிருக்கிறீர்கள், இல்லையா? தெம்பனிஸ் என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒன்பது, ஏனென்றால் கொம்பு, புள்ளி, மேல்விலங்கு எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். ஆறில் வெட்டினால் 'னி'யில் இருக்கும் மேல்விலங்கு போய் வெறும் 'ன' நிற்கும். எட்டில் வெட்டினால் கடைசிப் புள்ளி போய்விடும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்ட்ல்.செக்மென்டர் இருக்கிறது, முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். ஆனால் நான் வெட்டவே மாட்டேன். படுக்கைப் பட்டையாக வைத்தால் பெயருக்கு இடப்பக்கம் இடம் தாராளமாகக் கிடைக்கும். சாய்த்து எழுதிய தமிழை யார் படிப்பது?

விலையை எப்படி அச்சிடுகிறீர்கள்? எண் வடிவமைப்புக்கு 'டிஏ' (தமிழுக்கான மொழிக் குறியீடு) என்று மட்டும் கொடுத்தால் இந்திய முறையில் 6,00,000 என்று வரும். நம் ஊர் ஆட்கள் அதை அறுபதாயிரமா ஆறு லட்சமா என்று ஒரு நொடி திகைப்பார்கள். சிங்கப்பூர்த் தமிழுக்கான 'டிஏ-எஸ்ஜி' கொடுங்கள், 600,000 என்று வரும்.

வரைபடம் விரலைப் பிடித்துக்கொள்வது லீஃப்லெட்டில் (வலைப்பக்கத்தில் வரைபடம் காட்டும் நிரல்) எல்லாருக்கும் வருவதுதான். கைபேசியில் இழுப்பதை முடக்கிவையுங்கள், தொட்டுத் திறந்தால் மட்டும் நகரட்டும். தொடும் புள்ளிகள் 24 பிக்சலாவது இருக்கவேண்டும் என்று 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (எல்லாரும் பயன்படுத்தும்படி வலைத்தளம் செய்வதற்கான வழிகாட்டி) சொல்கிறது. வயதானவர்களுக்கு அதுவும் சின்னதுதான், நான் 44 வைப்பேன். சாம்பல் கோடு யோசனை நல்லது, ஆனால் எழுத்தையும் சாம்பலாக்கிவிடாதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது வேண்டும். கோப்பிக்கடை வெயிலில் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வாடகைவீட்டு_வாசு

கோப்பி அண்ணே சொல்வது வீடு விற்கிறவர்களுக்குச் சரி. நான் வாங்கத் தேடுகிறவன். எனக்கு எந்த அஞ்சல் குறியீடும் இல்லை! என் கையில் இருப்பது பட்ஜெட், மனைவியின் வேலையிடம், எம்ஆர்டி ரயில் வரைபடம். "இந்தப் பணத்துக்கு எங்கெங்கே நாலறை கிடைக்கும்" என்பதுதான் என் கேள்வி. அதற்கு வரைபடம் இல்லாமல் முடியாது. எல்லாவற்றையும் தூக்கச் சொல்லாதீர்கள்.

அப்புறம் மிச்சக் குத்தகையை மூலையில் போட்டுவிடாதீர்கள். ஒரே விலையில் 60 ஆண்டு மிச்சமுள்ள வீடும் 90 ஆண்டு மிச்சமுள்ள வீடும் ஒரே மாதிரிப் புள்ளியாக நின்றால் என்னைப் போன்றவன் ஏமாந்துபோவான். வங்கிக் கடன், மத்திய சேமநிதிப் பணம் எவ்வளவு எடுக்கலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

கோப்பிஓ_கொசோங்

வாசு சொல்வது நியாயம். விற்பவருக்கு ஒரு பக்கம், வாங்குபவருக்கு ஒரு பக்கம். இரண்டையும் ஒரே திரையில் திணித்ததால்தான் கவிதாவுக்கு ஐந்து பெட்டி தேவைப்பட்டது. வாங்குபவர் பக்கத்தில் வரைபடம் இருக்கட்டும், ஆனால் வட்டத்தின் அளவு விலையைச் சொல்லவேண்டாம். பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு, அதற்குள் கிடைக்கும் வட்டாரங்களை அடர்நிறத்திலும் மற்றவற்றை மங்கலாகவும் காட்டினால் போதும்.

குத்தகைக்குப் புள்ளியின் நிறத்தைப் பயன்படுத்தலாம், மூன்று படிகள், வெளிரிலிருந்து அடர்த்திக்கு. சிவப்பு பச்சை வேண்டாம், பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் நிறையப் பேர். ஒரு எச்சரிக்கை: 2017 கோப்பில் மிச்சக் குத்தகை "61 ஆண்டு 04 மாதம்" என்பது போல ஆங்கில வாக்கியமாக இருக்கும். அதற்கு முந்தைய 2015-16 கோப்பில் வெறும் ஆண்டு எண். இன்னும் பழையவற்றில் அந்த நெடுவரிசையே கிடையாது. குத்தகை தொடங்கிய ஆண்டு எல்லாவற்றிலும் உண்டு. அதோடு 99 கூட்டி விற்ற ஆண்டைக் கழித்துவிடுங்கள், ஓராண்டு முன்பின் இருந்தாலும் எல்லாக் கோப்புக்கும் ஒரே அளவு.

ஈசூன்_கவிதா

எல்லாருக்கும் நன்றி. விற்பவர் பக்கத்தை முதலில் முடிக்கிறேன், கேட்டவர் வீட்டிலேயே இருக்கிறாரே. வாசு அண்ணன் பக்கம் அடுத்தது.

அகிலா அக்கா, 'டிஏ-எஸ்ஜி' உடனே வேலை செய்தது. செயின்ட் ஜார்ஜஸ் ரோட்டையும் தேடிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது!

இரண்டு சந்தேகம் பாக்கி. எதிர் புளோக்கில் ஒருவர் தம்பிக்குக் குறைந்த விலையில் கொடுத்தார் என்று மாமனார் சொல்கிறார், அதுவும் இதில் கலந்திருக்குமா? இரண்டாவது, பக்கம் திறக்க மிகவும் நேரமாகிறது. முழு சிஎஸ்வியையும் உலாவியில் ஏற்றுகிறேன்.

கோப்பிஓ_கொசோங்

உறவினருக்குள் நடந்த விற்பனை, பங்கு மட்டும் கைமாறியது போன்றவற்றை வீவக இந்தக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டுத்தான் தருகிறது. தரவு விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைத் தமிழில் படத்துக்குக் கீழே போடுங்கள், இதே கேள்வி இன்னும் பலருக்கு வரும்.

இரண்டு லட்சம் வரியைக் கைபேசிக்கு அனுப்பாதீர்கள். உங்கள் கணினியிலேயே வட்டாரத்துக்கு ஒன்றாக 26 ஜேசன் (உலாவி எளிதில் படிக்கும் தரவு வடிவம்) கோப்புகளாகப் பிரித்து வைத்துவிடுங்கள். அஞ்சல் குறியீடு வந்தபின் அந்த ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். விற்பவர் பக்கத்துக்குக் கடைசி இரண்டு ஆண்டு போதும், அதற்கு முந்தையதைக் கோட்டுக்கு மட்டும் மாத நடு விலையாகச் சுருக்கிவையுங்கள். புதுக் கோப்பு வந்ததும் மறுபடி ஓட்டினால் ஆயிற்று. "எந்தத் தேதி வரை" என்பதை மேலே தெளிவாக எழுத மறக்கவேண்டாம்.