ஜாமா எடிட்டர் தானா போனாரா, போக வச்சாங்களா?

கம்யூனிட்டி மெடிசின் பிஜி:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் ஜர்னல் கிளப்ல (ரிசர்ச் பேப்பரை அலசற மீட்டிங்) பப்ளிகேஷன் எதிக்ஸை என் தலையில கட்டிட்டாங்க. படிச்சுட்டு இருக்கும்போது 2021-ல அமெரிக்க மெடிக்கல் ஜர்னல் ஜாமாவோட எடிட்டர் ஹோவர்ட் பாக்னர் பதவி விலகின விஷயம் கண்ணுல பட்டுச்சு. டாக்டருங்கள்ல ரேசிஸ்ட் யாருமே இல்ல, அப்புறம் எப்படி ஹெல்த்கேர்ல ஸ்ட்ரக்சுரல் ரேசிஸம் (அமைப்புலயே ஊறிப்போன இனப் பாகுபாடு) இருக்க முடியும்னு ஜாமா அக்கவுன்ட்லருந்து ஒரு ட்வீட், கூடவே ஒரு பாட்காஸ்ட். ஆனா அதுல பேசினது டெபுடி எடிட்டர், இவர் இல்லயே? இவர் ஏன் போகணும்? பொதுவாவே எடிட்டரை யார் வீட்டுக்கு அனுப்ப முடியும்? எடிட்டர்னா அவர் வச்சதுதான் சட்டம்னு நெனச்சுட்டு இருந்தேன்.

பழைய ரெசிடென்ட்:
அவர் வச்சதுதான் சட்டம், ஓனருக்கு கோவம் வர்ற வரைக்கும்.

ஜாமாவுக்கு ஓனர் அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன், அதாவது டாக்டருங்க சங்கம், வாஷிங்டன்ல லாபி பண்றதும் அதே சங்கம்தான். 2021-க்கு முன்னாடி 1999 கதையை படிங்க தம்பி. ஜார்ஜ் லண்ட்பெர்க், 17 வருஷமா எடிட்டர். மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்துல பிரசிடென்ட் கிளின்டன் மேல செனட்ல விசாரணை ஓடிட்டு இருக்கு, எதைச் செஞ்சா செக்ஸ்னு ஊரே பேசிட்டு இருக்கு, அந்த நேரம் பார்த்து 1991-ல 599 காலேஜ் பசங்ககிட்ட எடுத்த ஒரு சர்வேயை இவர் போடறார், வாய்வழி உறவு மட்டும்னா அதை செக்ஸ்னு சொல்ல மாட்டோம்னு சுமார் 60 சதவீதம் பேர் சொல்லிருந்தாங்க. ஜர்னலை அரசியல்ல இழுத்து விட்டுட்டார்னு சங்கம் ஜனவரியிலயே ஆளைத் தூக்கிடுச்சு. டேட்டா பொய்னு சொல்லி தூக்கல, டைமிங்தான் பிரச்சினை.

அதே வருஷம் ஜூலைல நியூ இங்லண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல எடிட்டர் ஜெரோம் காசிரர். அதுக்கு ஓனர் வேற சங்கம், மாசசூசெட்ஸ் மெடிக்கல் சொசைட்டி. ஜர்னல் பேரை அந்த சங்கத்தோட மத்த பப்ளிகேஷனுக்கும் ஒட்டி விக்கப் பார்த்தாங்க, இவர் ஒத்துக்கல, கிளம்ப வச்சுட்டாங்க.

மேப்பிள்:
கனடா கதையை விட்டுட்டீங்களே. 2005 கடைசில கனடியன் மெடிக்கல் அசோசியேஷன் ஜர்னல் ரிப்போர்ட்டருங்க ஒரு வேலை பண்ணாங்க, 13 பெண்களை மருந்துக்கடைக்கு அனுப்பி அவசர கருத்தடை மாத்திரை கேக்கச் சொன்னாங்க. சில கடைல பேர், அட்ரஸ், எப்போ உறவு வச்சீங்க வரைக்கும் விசாரிச்சிருக்காங்க. செய்தி வர்றதுக்கு முன்னாடியே பார்மசிஸ்ட் சங்கம் புகார் பண்ண, ஓனர் சங்கம் எடிட்டருக்கு பிரஷர் குடுத்துச்சு, செய்தியை மாத்திதான் போட்டாங்க. அடுத்த பிப்ரவரில எடிட்டர் ஜான் ஹோயி அவுட், கூடவே சீனியர் டெபுடியும். எடிட்டோரியல் போர்டுல நிறைய பேர் ராஜினாமா பண்ணிட்டாங்க, சிலர் சேர்ந்து ஓபன் மெடிசின்னு தனியா ஒரு ஜர்னலே ஆரம்பிச்சாங்க. 2014-ல அதுவும் மூடியாச்சு, காசில்லாம எவ்ளோ நாள் ஓட்டறது.

கம்யூனிட்டி மெடிசின் பிஜி:
செம மேட்டர், நன்றி. ஆனா பாக்னர் கேஸ் இதே மாதிரியா?

பழைய ரெசிடென்ட்:
இல்ல, அதான் சுவாரசியம். லண்ட்பெர்க் அசிங்கத்துக்கு அப்புறம் நடுவுல ஏழு பேர் கொண்ட ஓவர்சைட் கமிட்டி போட்டாங்க, சங்கத்துல ஒருத்தர் நெனச்சா நாளைக்கே எடிட்டரை தூக்க முடியாதபடி. 2021-ல விசாரிச்சது அந்த கமிட்டிதான். ட்வீட்டை நான் எழுதல, பார்க்கக்கூட இல்ல, ஆனாலும் எடிட்டர்ங்கற முறைல பொறுப்பு என்னோடதுன்னு பாக்னரே சொல்லிட்டுதான் ஜூன் 30-ஓட கிளம்பினார். ஓனருக்கு பிடிக்காத பேப்பரை போட்டதுக்கு இல்ல, தன் வீட்டுல நடந்ததுக்கு. என்னைக் கேட்டா அது நியாயம்தான், லண்ட்பெர்க்குக்கு நடந்தது அநியாயம்.

ரிவைஸ் அண்ட் ரீசப்மிட்:
தானா போனவங்களும் இருக்காங்க சார். 2018-ல நியூட்ரியன்ட்ஸ் ஜர்னல்ல சீனியர் எடிட்டருங்க பத்து பேரும் மொத்தமா விலகினாங்க, சுமாரான பேப்பரையெல்லாம் ஏத்துக்கச் சொல்லி பப்ளிஷர் நெருக்கறாங்கன்னு. அந்த பப்ளிஷர் எம்டிபிஐ அதை மறுத்துச்சு.

நடுவுல மாட்டறது நம்மதான். ஒரு ஜர்னல்ல (பேர் வேணாம்) எடிட்டர் மாறினப்போ என் பேப்பர் எட்டு மாசம் "வித் எடிட்டர்" (எடிட்டர் கையில இருக்கு) ஸ்டேட்டஸ்லயே தூங்குச்சு, எந்த எடிட்டர்னு கேட்டு மெயில் போட்டா அந்த மெயிலுக்கும் பதில் இல்ல.

கம்யூனிட்டி மெடிசின் பிஜி:
எல்லாருக்கும் தேங்க்ஸ். லண்ட்பெர்க்கையே மெயினா எடுத்துக்கறேன். அந்த சர்வே கேள்வியை எங்க ஹெச்ஓடி முன்னாடி எப்படி ஸ்லைட்ல போடறதுனுதான் தெரியல, ஐடியா இருந்தா சொல்லுங்க.