இரண்டு சப்நெட், ஒரே நெட் கனெக்‌ஷன்: மாடியிலிருந்து ரவுட்டருக்குப் பிங் போகவில்லை

மாடிவகுப்பு:
கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் 10 கம்ப்யூட்டர் வைத்து டைப்பிங் வகுப்பு நடத்துகிறேன். ஃபைபர் ரவுட்டர் கடையில் இருக்கிறது, முகவரி 192.168.1.1. பையன்கள் நெட்வொர்க்கைத் துழாவி, கடையின் பில்லிங் மெஷினில் கை வைத்துவிடக் கூடாது என்று மாடிக்குத் தனி சப்நெட் (தனி முகவரி வரிசை கொண்ட குட்டி நெட்வொர்க்) போட்டேன்: 192.168.20.0/24, அதாவது 192.168.20 என்று தொடங்கும் முகவரிகள். நடுவில் ஒரு பழைய டெஸ்க்டாப், டெபியன் 12 லினக்ஸ், இரண்டு லேன் கார்டு. கடைப் பக்கக் கார்டுக்கு 192.168.1.2, மாடிப் பக்கக் கார்டுக்கு 192.168.20.1.

டெபியனில் உட்கார்ந்து பார்த்தால் நெட் வருகிறது. மாடி மெஷினிலிருந்து 192.168.20.1க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, 192.168.1.2க்கும் போகிறது. 192.168.1.1க்கு அடித்தால் டைம் அவுட். இரண்டு நாளாக இதே கதை. கேபிளை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

மதுரைக்காரன்:
மாடிப் பக்கக் கார்டுக்குக் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல் முகவரி, கொடுத்தீர்களா பாஸ்? 192.168.20.1 என்று போட்டுப் பாருங்கள்.

மாடிவகுப்பு:
போட்டேன். இப்போது டெபியனிலேயே நெட் வரவில்லை.

பழையலினக்ஸ்:
முதலில் அதை எடுங்கள் தம்பி. கார்டு இரண்டு இருந்தாலும் டீஃபால்ட் கேட்வே ஒன்றுதான், கடைப் பக்கத்து 192.168.1.1. மாடிக் கார்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

அப்புறம், 192.168.1.2 பதில் சொல்கிறதே என்று ரவுட்டிங் நடப்பதாக எண்ணிவிடாதீர்கள். தன்னுடைய முகவரி எதைக் கேட்டாலும், எந்தக் கார்டு வழியாகக் கேட்டாலும் லினக்ஸ் பதில் சொல்லிவிடும். ஐபி ஃபார்வர்டிங், அதாவது ஒரு கார்டில் வந்த பாக்கெட்டை இன்னொரு கார்டு வழியாகக் கடத்துவது, அணைந்திருந்தாலும் சொல்லும். அது இயல்பாக 0ல்தான் இருக்கும். 1 ஆக்கினீர்களா?

மாடிவகுப்பு:
கேட்வேயை எடுத்ததும் டெபியனில் நெட் திரும்பிவிட்டது அண்ணா. ஃபார்வர்டிங் 0ல்தான் இருந்தது. 1 ஆக்கினேன். மாடியில் இன்னும் டைம் அவுட்.

பழையலினக்ஸ்:
கடைப் பக்கக் கார்டில் டிசிபிடம்ப் (கார்டில் போய்வரும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, மாடியிலிருந்து பிங் அடியுங்கள். என்ன தெரிகிறது?

மாடிவகுப்பு:
192.168.20.11லிருந்து 192.168.1.1க்கு எக்கோ ரிக்வெஸ்ட், வரிசை எண் 1, 2, 3, 4. ரிப்ளை என்று ஒரு வரிகூட இல்லை.

பழையலினக்ஸ்:
அப்படியானால் உங்கள் டெபியன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பாக்கெட் ரவுட்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் 192.168.20 என்று ஒரு ஊர் இருப்பதே ரவுட்டருக்குத் தெரியாது. தெரியாத முகவரி என்பதால் பதிலை டீஃபால்ட் ரூட் வழியாக வெளியே, நெட் கொடுக்கும் கம்பெனிப் பக்கம் தள்ளிவிடும். அங்கே பிரைவேட் முகவரிக்கு மதிப்பில்லை, தொலைந்தது. போக வழி போட்டீர்கள், திரும்பி வர வழி போடவில்லை.

முறையான தீர்வு, ஃபைபர் ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட்: சேருமிடம் 192.168.20.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2. கம்பெனி கொடுக்கும் பெட்டிகள் பலவற்றில் அந்தப் பக்கத்தை மறைத்து வைத்திருப்பார்கள். ரூட் போட விட்டாலும், தன் சொந்த சப்நெட்டுக்கு மட்டும் நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) செய்கிற பெட்டிகளும் உண்டு. அதில் மாட்டினால் ரவுட்டர் வரை பிங் போகும், நெட் வராது.

முடியாவிட்டால் டெபியனிலேயே கடைப் பக்கக் கார்டில் மாஸ்கரேட் போடுங்கள். மாடியின் பாக்கெட் எல்லாம் 192.168.1.2 என்ற பெயரில் வெளியே போகும், ரவுட்டருக்கு அது தெரிந்த ஆள். டபுள் நாட் ஆகும்தான். வெளியிலிருந்து உள்ளே போர்ட் திறக்கிற வேலை இருந்தால்தான் அது தலைவலி. டைப்பிங் வகுப்புக்கு என்ன வந்தது?

மாடிவகுப்பு:
ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு எனக்குத் தரவில்லை, அதனால் மாஸ்கரேட். 8.8.8.8க்குப் பிங் போகிறது! ஆனால் ஒரு வெப்சைட்டும் திறக்கவில்லை.

ஈரோடுநெட்:
டிஎன்எஸ், வெப்சைட் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை. மாடி மெஷின்களில் என்ன கொடுத்திருக்கிறீர்கள்?

மாடிவகுப்பு:
192.168.20.1. கேட்வே அதுதானே என்று, மெஷின்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியில் அதையே போட்டேன்.

ஈரோடுநெட்:
அந்த மெஷினில் டிஎன்எஸ் சர்வர் எதுவும் ஓடவில்லையே, யார் பதில் சொல்வது? 1.1.1.1 கொடுங்கள். ரவுட்டரின் முகவரியையும் கொடுக்கலாம்.

மாடிவகுப்பு:
1.1.1.1 போட்டதும் 10 மெஷினிலும் நெட் வந்துவிட்டது. ரொம்ப நன்றி. முடிந்தது என்று நினைக்கிறேன்.

பழையலினக்ஸ்:
முடியவில்லை தம்பி. எதற்காகத் தனி சப்நெட் போட்டீர்கள்? மாடியிலிருந்து பில்லிங் மெஷினின் முகவரிக்கு ஏதாவது திறந்து பாருங்கள்.

மாடிவகுப்பு:
ஐயோ. ஷேர் ஃபோல்டர் பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது. மாடியில் இருந்தே எட்டுகிறது!

பழையலினக்ஸ்:
எட்டத்தான் செய்யும். உங்கள் அமைப்பில் மாடிக்குக் கடையே 'வெளி'. இன்டர்நெட்டுக்குப் போகிற பாக்கெட் போலவே கடைக்குப் போகிற பாக்கெட்டையும் டெபியன் கடத்திவிடும். அதுவும் மாஸ்கரேட் ஆகிப் போவதால், பில்லிங் மெஷினின் ஃபயர்வாலுக்கு அது பக்கத்து மெஷின் 192.168.1.2 கேட்பது போலத் தெரியும். வேறு சப்நெட் என்ற சந்தேகமே வராது. நாட் போட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புவது இந்த இடத்தில்தான் உதைக்கிறது.

லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில், கடத்தப்படும் பாக்கெட்டுக்கான ஃபார்வர்ட் செயினில் ஒரே விதி போதும்: மாடிக் கார்டில் வந்து 192.168.1.0/24க்குப் போவதை டிராப் செய். இன்டர்நெட் பாக்கெட்டின் சேருமிடம் வெளி முகவரி என்பதால் அதற்குப் பாதிப்பில்லை. டிஎன்எஸ் 1.1.1.1 என்று வைத்தது நல்லதாயிற்று. ரவுட்டரைக் கொடுத்திருந்தால், அதற்கு மட்டும் போர்ட் 53ஐ, யுடிபி, டிசிபி இரண்டிலும், இந்த விதிக்கு மேலே திறந்துவிட வேண்டியிருக்கும்.

மாடிவகுப்பு:
விதி போட்டேன், ஃபோல்டர் திறக்கவில்லை, நெட் ஓடுகிறது. ஆனால் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது, மாடியில் மறுபடி ஒன்றும் இல்லை!

ஈரோடுநெட்:
ஃபார்வர்டிங்கைக் கமாண்டில் மட்டும் 1 ஆக்கியிருப்பீர்கள். ரீபூட் ஆனால் 0தான். சிஸ்கன்ட்ரோல் (sysctl) ஃபைலில் எழுதுங்கள். விதிகளையும் என்எஃப்டேபிள்ஸ் கான்ஃபிக் ஃபைலில் சேமித்து, அந்தச் சர்வீஸை எனேபிள் செய்யுங்கள். டெபியனில் அது தானாக எனேபிள் ஆகாது.

மாடிவகுப்பு:
இரண்டையும் எழுதிவிட்டு, வேண்டுமென்றே இரண்டு முறை ரீபூட் செய்தேன். நெட் வருகிறது. மாடியிலிருந்து பில்லிங் மெஷினுக்குப் பிங் அடித்தால் நான்கும் டைம் அவுட். யுபிஎஸ் ஒன்று வாங்க வேண்டும், அது வேறு செலவு.