வேலையை விடுறது கடைசி அலுவல்: கனடாவில் திரும்பப் படிக்க நினைக்கிறவைக்கு

கனடாவுக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் போக, கனபேருக்கு ஒரே கேள்விதான் வரும்: இந்த வேலையில்தான் ஆயுசு முழுக்க நிற்கப் போறேனா? ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பிச்சவர், வங்கியில் இருந்தவர், ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவ, இங்கே ரொறொன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு வெயார்ஹவுஸில் கையில் ஸ்கேனரோடு நடந்துகொண்டிருப்பினம். சம்பளம் நேரத்துக்கு வரும், வாடகை கட்டுப்படும், ஊருக்கும் கொஞ்சம் அனுப்பலாம். ஆனால் வேலைக்கு வெளிக்கிட மனம் வராது. அதை வெளியில் சொன்னால், "வேலையே இல்லாமல் எத்தனை பேர் இருக்கினம்" என்று வாயை அடைச்சுப் போடுவினம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நானும் இரவு ஷிப்டில் பெட்டி கட்டினவள்தான். முப்பதுகளின் நடுவில் யூனிவேர்சிட்டிக்குப் போனேன். படிக்க வேணும் என்ற உங்கட ஆசையில் ஒரு பிழையும் இல்லை. எதை முதல் செய்யிறது, எதைப் பிறகு செய்யிறது என்பதில்தான் கனபேர் இடறுப்படுகினம்.

நான் சொல்ல வாறது இதுதான்: ராஜினாமாக் கடிதம் கடைசியாகக் கையெழுத்து வைக்கிற கடுதாசியாக இருக்க வேணும்.

ஈ.ஐ. காசை, அதாவது வேலை போனவைக்கு அரசாங்கம் தாற காப்புறுதிக் காசை, நம்பி வேலையை விட நினைக்கிறவை இதை வடிவாகக் கவனியுங்கோ. நீங்களாக வேலையை விட்டால் பொதுவாக ஈ.ஐ. கிடைக்காது. படிக்கப் போறதுக்காக விட்டேன் என்பது அவர்களின் சட்டத்தில் தகுந்த காரணம் இல்லை. அதற்கென்று அதிகாரம் கொடுக்கப்பட்ட ஒரு அலுவலகம் முன்கூட்டியே உங்களை அந்தப் படிப்புக்கு அனுப்பியிருந்தால் மட்டும்தான் கதை வேறு. கோயிலிலும் கலியாண வீட்டிலும் "அவர் ஈ.ஐ. எடுத்துக்கொண்டுதானே படிச்சவர்" என்று கேள்விப்படுவீங்கள். விசாரிச்சுப் பார்த்தால் அவர் லேஓஃப் ஆனவராக, கொம்பனியே நிற்பாட்டினவராக இருப்பார். லேஓஃப் ஆனவைக்கு பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ என்று படிப்புச் செலவுக்கு உதவுற திட்டமும் இருக்கு. முந்தி செக்கன்ட் கரியர் என்று சொன்னது இதைத்தான். அதனால் கொம்பனி ஆட்களைக் குறைக்கப் போகுது என்ற கதை அடிபட்டால், அவசரப்பட்டு முந்திக்கொண்டு விலகாதேங்கோ.

அடுத்தது உங்கட ஸ்டேட்டஸ். சிற்றிசன், பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்), அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர் என்றால் உள்நாட்டுக் கட்டணம். ஓசாப் என்கிற ஒன்ராறியோ அரசின் மாணவர் மானியம், கடன் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கு ஒன்ராறியோவில் தொடர்ந்து 12 மாதம் வாழ்ந்திருக்கிறீங்களா என்று பொதுவாகப் பார்ப்பினம். அகதிக் கேஸ் இன்னும் முடியாதவைக்கு ஓசாப் இல்லை. வேர்க் பெர்மிட்டில் இருக்கிறவை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு ஸ்டடி பெர்மிட் எடுக்க வேணும், பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணமும் கட்ட வேணும். அந்த வித்தியாசம் சின்னது இல்லை. ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில் கலை, விஞ்ஞானப் பாடங்களுக்கு உள்நாட்டு மாணவர் வருஷம் 6,000 டொலருக்குக் கொஞ்சம் மேலே கட்டினால், பக்கத்துக் கதிரையில் இருக்கிற வெளிநாட்டு மாணவர் கிட்டத்தட்டப் பத்து மடங்கு கட்டுவார். பி.ஆர். கையில் வரும்வரை பொறுக்கச் சொல்லுறது கேட்க நல்லாய் இராது. ஆனால் வேர்க் பெர்மிட்டில் இருக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு நான் சொல்லுறது அதைத்தான். அந்தக் காலத்தைச் சும்மா போக விடாமல் கடுதாசிகளைச் சேர்க்கலாம்.

கடுதாசிதான் உண்மையில் கனகாலம் இழுக்கிற அலுவல். ஊரில் எடுத்த பட்டத்தை, வெளிநாட்டுத் தகைமைகளை மதிப்பிடுற வெஸ் என்ற நிறுவனம் ஊடாக மதிப்பிடச் சொல்லுவினம். நீங்கள் சூட்கேஸில் கொண்டு வந்த ட்ரான்ஸ்கிரிப்டின் (பாடப் புள்ளிப் பட்டியலின்) கொப்பி அதற்குச் சரிவராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமோ பேராதனையோ, பதிவாளர் அலுவலகமே நேராக அனுப்ப வேணும். தபாலில் போறதென்றால் என்வலப் ஒட்டி, ஒட்டின இடத்தில் சீல் குத்தியிருக்க வேணும். அம்மாவோ அண்ணாவோ ஆசையில் "சரியாக இருக்கோ" என்று திறந்து பார்த்தால் அது செல்லாது. ஊரில் இதற்கு அலையப் போறவருக்கு முதலே சொல்லி வையுங்கோ.

அதைவிடப் பெரிய தலையிடி எங்கட பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், ஓ.எல். சேர்ட்டிபிகேட்டில் இன்னொன்று. ட்ரான்ஸ்கிரிப்டில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்தாக முன்னுக்கு நிற்கும், பாஸ்போட்டில் அதே பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக வந்திருக்கும், கலியாணத்துக்குப் பிறகு பி.ஆர். கார்டில் கணவரின் பெயர் ஏறியிருக்கும். இங்கே இருக்கிற அலுவலருக்கு அது மூன்று வேறு ஆட்கள். எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு, கலியாணச் சேர்ட்டிபிகேட்டின் மொழிபெயர்ப்போடு ஒரு ஃபைலில் வைச்சிருங்கோ. வெஸ்ஸுக்கும், அட்மிஷனுக்கும், பிறகு ஓசாப்புக்கும் அதே ஃபைல்தான் உதவும்.

பட்டம் இருக்கிறவை முதலாம் வருஷத்தில் இருந்து திரும்பத் தொடங்க வேணும் என்று நினைக்காதேங்கோ. ஊரில் படிச்ச பாடங்களையும் கணக்கில் எடுக்கச் சொல்லி ட்ரான்ஸ்பர் கிரெடிட் கேளுங்கோ. அவர்கள் தாங்களாகத் தர மாட்டினம், பாடத்திட்டத்தோடு நீங்கள்தான் கேட்க வேணும். சில தொழிலுக்குப் புதுப் பட்டமே தேவைப்படாது. எஞ்சினியர் என்றால் லைசென்ஸ் எடுக்க முந்திக் கேட்ட கனடிய வேலை அனுபவத்தை 2023இல் ஒன்ராறியோவில் எடுத்துப் போட்டினம். ஊரில் படிப்பிச்சவை, இங்கே பி.எட். படிக்க முதல், இருக்கிற தகைமையை, ஆசிரியர்களுக்கு லைசென்ஸ் தாற சபையான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி எவ்வளவுக்கு ஏற்கும் என்று கேட்டுப் பாருங்கோ. இங்கே பி.எட்.ஐ 2015இல் நாலு செமஸ்டராக நீட்டினவை. தேவையில்லாமல் ஒருவரும் அதைப் படிக்க வேண்டாம்.

ஏ.எல். மட்டும் உள்ளவைக்கும், சண்டைக் காலத்தில் அதையும் எழுத முடியாமல் போனவைக்கும் வழி இருக்கு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புறன், ஏனென்றால் இவைதான் முதலே மனம் விட்டுப் போகினம். ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் வூட்ஸ்வேர்த் கல்லூரியில் அகடமிக் பிரிட்ஜிங் என்று ஒரு திட்டம் இருக்கு. பள்ளிக்கூடத் தகைமை போதாத, படிப்பை விட்டுக் கனகாலமான ஆட்களுக்காகவே அது. நல்ல புள்ளி எடுத்தால் அதிலிருந்து பட்டப்படிப்புக்குள் போகலாம். யோர்க் பல்கலைக்கழகத்திலும் மற்ற இடங்களிலும், வளர்ந்த பிறகு படிக்க வாறவையைச் சேர்க்கிற மச்சூர் ஸ்டூடன்ட் என்ற வழி இருக்கு. நேர்ஸிங் போன்றவைக்குக் கேட்கிற கிரேட் 12 இரசாயனம், உயிரியல், கணிதம் இல்லையென்றால், பள்ளிச் சபையின் வளர்ந்தோர் பள்ளிக்கூடத்தில் எடுக்கலாம். ஸ்காபரோவில் மிட்லண்ட் வீதியில் அப்படி ஒன்று இருக்கு. ஐம்பது வயது அம்மாமாரும் புத்தகப் பையோடு போவினம். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

கொலிஜா, யூனிவேர்சிட்டியா? எங்கட ஆட்கள் யூனிவேர்சிட்டி என்ற பெயருக்கு மயங்குவினம். என்ர அபிப்பிராயம், கையில் ஒரு தொழிலோடு கெதியாக வெளியில் வர வேணும் என்றால் சென்டெனியல், செனெக்கா போன்ற அரச கொலிஜில் இரண்டு வருஷ டிப்ளோமா கனபேருக்குப் பொருத்தம். சின்னப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஈ.சி.ஈ., பிராக்டிகல் நேர்ஸிங், சோஷல் சேர்விஸ் எல்லாம் அதற்குள் வரும். பிளாஸாக்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிற தனியார் கொலிஜ்களில் காசு கட்ட முதல், அந்தப் படிப்பு மாகாணத்தில் பதிவானதா, ஓசாப் ஏற்குதா, படிச்சு முடிய லைசென்ஸ் தாற சபை அதை ஏற்குதா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கோ. ஃபோனில் சொன்னதை நம்பாதேங்கோ.

காசுக்கு வாறன். முழுநேரம் என்றால் வேலையைக் கட்டாயம் விட வேணும் என்று நினைப்பினம். ஓசாப் கணக்கில் முழுப் பாடச்சுமையின் 60 சதவீதம் எடுத்தாலே முழுநேர மாணவர். அதாவது ஐந்து பாடத்துக்கு மூன்று. மூன்று பாடமும் வார இறுதி ஷிப்டும் என்று சமாளிக்கிற ஆட்கள் தாராளமாக இருக்கினம். கலியாணம் முடிச்சவர் என்றால் தாய் தகப்பன் வருமானத்தைப் பார்க்க மாட்டினம், உங்கட துணையின் வருமானத்தைப் பார்ப்பினம். மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை அரசாங்கம் மாற்றிக்கொண்டே இருக்கும். 2019இல் மாற்றினதில் கனபேருக்கு மானியம் குறைஞ்சது. அதனால் போன வருஷம் மச்சாளுக்கு இவ்வளவு கிடைச்சது என்பதை வைத்துக் கணக்குப் போடாமல், ஓசாப்பின் இணையத்தளத்தில் இருக்கிற கணிப்பானில் உங்கட தொகையைப் போட்டுப் பாருங்கோ. கடனில் மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரலில் இருந்து வட்டி இல்லை. மாகாணத்தின் பங்குக்கு வட்டி உண்டு. படிப்பு முடிஞ்சு ஆறு மாதத்துக்குப் பிறகுதான் கட்டத் தொடங்குவீங்கள்.

ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் காசு போட்டு வைச்சிருந்தால், முழுநேரப் படிப்புக்கு அதில் இருந்து வருஷம் 10,000 டொலர், மொத்தமாக 20,000 வரை வரியில்லாமல் எடுக்கலாம். பத்து வருஷத்தில் திரும்பப் போட வேணும். பிள்ளைகள் இருக்கிறவைக்கு, வருமானம் குறைஞ்சால் அரசாங்கம் பிள்ளைகளுக்குத் தாற சைல்ட் பெனிபிட் காசு கூடலாம், ஆனால் உடனே இல்லை: போன வருஷ வரிக் கணக்கைப் பார்த்து ஜூலையில்தான் மாற்றுவினம். வேலையை விட்ட முதல் மாதங்கள் அதனால்தான் இறுக்கமாக இருக்கும். அந்த மாதங்களுக்கான வாடகையைச் சேர்த்து வைச்ச பிறகு விடுங்கோ. சீட்டில் நிற்கிறவை அதை முடிச்சுக்கொண்டு போங்கோ. எடுத்த சீட்டை இடையில் கட்ட ஏலாமல் போனால் காசோடு சேர்த்து உறவும் முறியும். ஊருக்கு அனுப்புற காசைக் குறைக்கப் போறீங்கள் என்றால், குறைக்க முதலே அம்மா அப்பாவோடு கதையுங்கோ. "இரண்டு வருஷத்துக்குப் பாதிதான் வரும், பிறகு கூட வரும்" என்று நேராகச் சொன்னால் அனேகமாக விளங்கிக்கொள்ளுவினம்.

வேலையில் இருக்கும்போதே ஒரு பாடம் எடுத்துப் பாருங்கோ, இரவில் அல்லது ஒன்லைனில். ரொறொன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தின் (ரி.எம்.யூ.) சாங் ஸ்கூலில் பாடம் பாடமாகப் படிக்கலாம். அல்பேர்ட்டாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் 16 வயதுக்கு மேற்பட்ட எவரையும் சேர்க்கும், முழுக்க ஒன்லைன். சேர முதல், அந்தக் கிரெடிட்டை நீங்கள் போக இருக்கிற இடம் ஏற்குமா என்று கேளுங்கோ. வேலை முடிஞ்சு வந்து இருந்து படிக்க உடம்பு ஒத்துழைக்குதா, அந்தப் பாடம் உண்மையிலேயே பிடிச்சிருக்கா என்று அந்த ஒரு செமஸ்டரிலேயே தெரிஞ்சுபோம்.

அங்கே உங்களுக்குப் புதுசாக இருக்கப் போறது ஆங்கிலத்தைவிட எழுதுற முறை. எங்களுக்கு ஊரில் நோட்ஸைப் பாடமாக்கி அப்படியே எழுதினால் புள்ளி. இங்கே புத்தகத்தில் இருக்கிற வசனத்தை எங்கே எடுத்தது என்று சொல்லாமல் எழுதினால், நல்லெண்ணத்தோடு செய்தாலும் களவு என்ற குற்றச்சாட்டு வரும். என்ர முதல் கட்டுரையில் ஓரத்தில் ஒரே குறிப்புத்தான் திரும்பத் திரும்ப இருந்தது: "இதில் உங்கட வாதம் எங்கே?" அதைத் தூக்கிக்கொண்டு, ரொறொன்ரோ பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்தில் கட்டுரை எழுத உதவுற ரைட்டிங் சென்டருக்குப் போனேன். அங்கே எனக்கு உதவின பிள்ளைக்கு என்னைவிடக் கனக்கக் குறைஞ்ச வயசு. ஒரு பந்தியை வாசிச்சு, கடைசி வசனத்தைத் தூக்கி மேலே வைக்கச் சொன்னா. பந்தி அப்படியே நிமிர்ந்து நின்றது. அந்த உதவிக்குக் காசு இல்லை, கட்டின கட்டணத்துக்குள் அடக்கம். பேராசிரியரின் ஒஃபிஸ் அவேர்ஸுக்கும் போங்கோ. கேள்வி கேட்டால் மட்டமாக நினைப்பார் என்ற பயத்தில் எங்கட ஆட்கள் போறதில்லை. அந்த நேரம் மாணவருக்கென்றே ஒதுக்கினது, அனேகமாகத் தனிய இருந்துகொண்டிருப்பினம்.

வேலையை விடுற கட்டம் வந்தால், முதல் சுப்பவைசரிடம் ஷிப்ட் மாற்றமோ பகுதிநேரமோ கேளுங்கோ. கொம்பனி படிப்புக் கட்டணத்துக்கு உதவுதா என்றும் ஹெச்.ஆரில் கேளுங்கோ. வேலையோடு பல்லு, மருந்து பெனிபிட்டும் போகும். ஓஹிப், அதாவது மாகாண மருத்துவக் காப்புறுதி, போகாது. முழுநேர மாணவர் கட்டணத்துக்குள் ஒரு ஹெல்த் பிளான் அனேகமாக இருக்கும், துணையையும் பிள்ளைகளையும் மேலதிகக் காசுக்குச் சேர்க்கலாம். அதற்குக் குறிச்ச திகதி உண்டு, செப்டெம்பரில் தவற விடாதேங்கோ.

அரச கொலிஜ்களுக்கு அடுத்த செப்டெம்பரில் சேர, பெப்ரவரி 1க்கு முதல் விண்ணப்பிச்சால் எல்லோரையும் சமமாகப் பார்ப்பினம். நேர்ஸிங் போன்றவை அதற்குப் பிறகு நிரம்பிவிடும். ட்ரான்ஸ்கிரிப்ட் வந்து சேர மாதக்கணக்கில் எடுக்கும் என்பதால், எந்தப் படிப்பு என்று முடிவெடுக்காதவையும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக ஊரில் ஒருவரை இந்தக் கிழமையே பிடியுங்கோ.