பறப்புச் சோதனையிலிருந்து மென்பொருள் துறைக்கு: ஒன்பது ஆண்டு அனுபவம் வீணாகுமா?

கேள்வி: முருகேஷ்பாளையம் வாசி

அனைவருக்கும் வணக்கம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துவிட்டு, ஒன்பது ஆண்டுகளாகப் பெங்களூரில் பறப்புச் சோதனைப் பிரிவொன்றில் பணிபுரிகிறேன். விமானம் வானில் இருக்கும்போது, அதன் அளவீடுகள் வானொலி வழியே வந்துசேரும் டெலிமெட்ரி அறையில் அமர்ந்து இறக்கையின் அதிர்வுகளைக் கவனிப்பதும், அது இறங்கிய பின் பதிவுகளைப் பிரித்து ஆராய்வதும் என் வேலை. இப்போது ஒயிட்ஃபீல்டில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்று, ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளத்தில் தரவுப் பொறியாளராக அழைக்கிறது. பெற்றோரின் மருத்துவச் செலவு இருப்பதால் எளிதில் மறுக்க முடியவில்லை. கற்றதெல்லாம் அங்கே செல்லாக்காசாகிவிடுமோ, பிறகு திரும்பி வர வழியிருக்குமோ என்ற கவலையில் உறக்கம் வருவதில்லை. இப்பாதையில் சென்றவர்கள் கூறுங்கள்.

பதில் 1: அல்சூர் ஏரிக்கரை

நண்பருக்கு வணக்கம். நான் 2013இல் இதே மாற்றத்தைச் செய்தவன். அனுபவம் வீணாகாது, ஆனால் அதில் எந்தப் பகுதி உடன் வரும் என்பதை அறிந்துகொண்டு செல்லுங்கள். காற்றோட்டத்தில் இறக்கை கட்டுக்கடங்காமல் அதிரும் ஃப்ளட்டரைப் பற்றி அங்கே எவரும் கேட்கப்போவதில்லை. எந்தப் பதிவையும் கண்மூடி நம்பாத உங்கள் பழக்கம்தான் கைகொடுக்கும்.

ஒரு முறை எங்கள் சோதனையில், விமானி கட்டுப்பாட்டுக் கோலை இழுப்பதற்கு முன்பே விமானம் மூக்கைத் தூக்கியதாக வரைபடம் காட்டியது. கட்டுப்பாட்டு மென்பொருளின் மீதே சந்தேகம் எழுந்து, இரண்டு நாட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். இரண்டு பதிவுக் கருவிகளில் ஒன்று மட்டும், எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் வைக்கும் ஐரிக்-பி நேரக் குறியீட்டை வாங்காமல் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடியிருந்ததே காரணம் என்பது பிறகு தெரிந்தது. வித்தியாசம் ஒரு நொடிகூட இல்லை. சில ஆண்டுகள் கழித்து, பணப் பரிவர்த்தனைப் பதிவொன்றில் கோரிக்கை வருவதற்கு முன்பே ஒப்புதல் கிடைத்ததாக ஒரு வரிசை வந்தது. உடனிருந்தவர்கள் நிரலைத் தோண்டிக்கொண்டிருக்க, நான் சேவையகங்களின் கடிகாரங்களைப் பார்க்கச் சொன்னேன். கோளாறு அங்கேதான் இருந்தது.

பதில் 2: விமானபுரம் ஓய்வாளர்

தம்பி, மேலே எழுதியவர் கூறியது சரிதான். ஆனால் விட்டுச் செல்வது எது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் தேஜஸ் போர் விமானத்தை முதன்முதலில் பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலைய ஓடுபாதையிலிருந்து மேலே கொண்டுசென்றார். இறுதிச் செயல்பாட்டு அனுமதி கிடைத்தது 2019 பிப்ரவரியில். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளும், வேகத்தையும் உயரத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் பதிவைப் பார்த்து, அடுத்த படிக்குப் போகலாமா என்று முடிவெடுத்தவர்களின் உழைப்பு. அந்த முடிவை எடுக்கும் கண் புத்தகத்தில் வராது. அறையில் உட்கார்ந்துதான் வரும்.

2009 மார்ச் 6 அன்று பெங்களூரை அடுத்த பிடதி அருகே சாரஸ் என்ற சிறு பயணியர் விமானத்தின் சோதனை வடிவம் விழுந்தபோது, இரண்டு விமானிகளோடு ஒரு சோதனைப் பொறியாளரும் உயிரிழந்தார். பறக்கும்போதே இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனை அது. சோதனைத் திட்டத்தில் எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் என்ன கனம் என்பதை அன்று நாங்கள் அனைவரும் உணர்ந்தோம். இந்தப் பொறுப்புணர்வைப் பணத்துக்காக விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, பெற்றோர் முதலில். ஆனால் நான்கைந்து ஆண்டுகள் விலகியிருந்தால் திரும்புவது மிகக் கடினம்.

பதில் 3: ஜீவன்பீமா நகர்

ஐயா சொன்னதை ஏற்கிறேன், எனினும் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. விமான மென்பொருளைச் சரிபார்க்கும் பணிகள் பெங்களூரிலேயே உள்ளன. இதற்கான டி.ஓ.-178சி என்ற விதிமுறை மென்பொருளை ஏ முதல் இ வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. பழுதானால் விமானமே வீழக்கூடிய மென்பொருள் ஏ நிலையில் வரும். தேவை ஆவணத்திலிருந்து சோதனை முடிவு வரை ஒவ்வொன்றையும் கோத்துக் காட்ட வேண்டிய இவ்வேலையில், விமானம் உண்மையில் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. சம்பளம் இரண்டு மடங்கு இருக்காது என்றாலும், இப்போதையதைவிடக் கூடுதலாகவே கேட்கலாம்.

கேட்டவர்: முருகேஷ்பாளையம் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அழைத்த நிறுவனத்திடம் திங்கட்கிழமை பேசும்போது, நான் கையாளப்போகும் தரவு எங்கிருந்து வருகிறது, தவறினால் யாருக்கு என்ன ஆகும் என்று முதலில் கேட்கப்போகிறேன். அதற்குள் சரிபார்ப்புப் பணிகளுக்கும் இரண்டு விண்ணப்பங்கள் அனுப்பிவிடுகிறேன்.